சேற்றுக்கு வைத்த ஐஸ்

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மறுநாள்தான் வெட்டுவார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வயல் வட்டைகளில் வெள்ளம் ஏறிவிட்டதால், அன்று காலையே முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடிப்போக, தோணிக்காரர் கோணாமலையின் தோணி பெரியகல்லாற்றுக்கு அப்பால் நடுச்சேற்றில் தரைதட்டி நின்றுவிட்டது.

தோணியில் அவரும், ஏறாவூரிலிருந்து சேறு எடுக்க வந்த ஆய்வு மாணவி முப்லிஹாவும் மட்டும்தான். இறங்கினால் இடுப்புவரை புதைந்தது. கரைக்குப் போன் எடுத்தபோது, பின்னேரம் கடல் தண்ணீர் ஏறும்வரை யாரும் வர முடியாது என்றார்கள்.

வெயில் ஏறியது. அவள் கண் ஐஸ் பெட்டியிலேயே இருந்தது. உள்ளே குழாய்களில் கறுத்த சேறு. காற்றும் வெளிச்சமும் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. அவற்றைப் படித்தால், செவ்வாய்க் கிரகத்தின் நிலத்துக்கடியில் எதைத் தேடலாம் என்பது விளங்கும். குளிர் குறைந்தால் சேறு கெட்டுவிடும். கெட்டால் அவளது ஆய்வும் இத்துடன் நின்றுவிடும்.

"இஞ்சயே நம்மளத் தேடி ஒருத்தனும் வாறான் இல்ல. நீங்க செவ்வாய்ல ஆரத் தேடுறீங்க தங்கச்சி?" என்று சிரித்துவிட்டு, கோணாமலை மறுபடியும் தோணியைத் தள்ள இறங்கினார். ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது; நாக்குக் குழறியது.

"அண்ணன், தண்ணி குடிங்க! போத்தல் எங்க?"

"வூட்ட வெச்சிட்டு வந்தன்." தலைகுனிந்துகொண்டார். "நீங்க நோன்போட இரிக்கக்குள்ள, முன்னால இருந்து எப்பிடிக் குடிக்கிற?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். சேறும், அங்கங்கே தேங்கிய உப்புத்தண்ணீரும்தான். ஐஸ் பெட்டியின் மூடியில் கை வைத்தவள், உடனே திறக்கவில்லை.

"அதத் தொடாதீங்க தங்கச்சி. உள்ளுக்கு உயிர் இரிக்கெண்டீங்களே."

"ஓம், இரிக்கி. உங்களுக்குள்ளயும் இரிக்கி. பேசாம வாயத் தொறங்க!"

இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி ஐஸ் பையைக் கிழித்தாள். ஒரு துண்டை அவர் வாயில் வைத்தாள். இன்னொன்றைப் பிடரியில் பிடித்தாள். பை காலியாகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தாள். உருகிய நீர் அவள் விரல்களில் வழிந்தது.

தெம்பு வந்ததும் கோணாமலை தன் சால்வையைத் தேங்கிய தண்ணீரில் நனைத்துக் குழாய்களைச் சுற்றிக் கட்டினார்.

"குளிருக்கு இது காணுமா தங்கச்சி?"

நோன்பு வாயால் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"காணாது அண்ணன். ஆனா எடுக்காதீங்க, இரிக்கட்டும்."

கடல் இன்னும் ஏறவில்லை. சால்வை காயத் தொடங்க, அவர் அதை எடுத்து மறுபடியும் நனைத்தார்.