சாப்பிட்டவன் குற்றவாளி

டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரியாது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களில். நாட்டின் பாதுகாப்புக்கு இதுவரை யாரும் செய்யாத கருவிகளைச் செய்து பார்க்கும் அரசு ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

அந்தக் கூடத்தில் ஒரு கருவி வருஷக்கணக்காக வளர்ந்து ஆளாகி நின்றது. எல்லைச் சோதனைச் சாவடியில் வந்து உட்காருகிறவனின் முகத்தை அது பார்க்கும். தோலில் ஏறும் சூட்டையும் நாடித் துடிப்பையும் அளக்கும். மனசில் கள்ளம் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. கோப்பில் அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. கூடத்தில் எல்லோரும் 'மாமியார்' என்றுதான் சொன்னார்கள். முகத்தைப் பார்த்ததுமே குற்றம் கண்டுபிடிக்கிற வேறு யாரை அவர்களுக்குத் தெரியும், பாவம்!

கருவி தயார் என்று டாக்டரம்மா ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாட்டின் எல்லாச் சாவடிகளுக்கும் மாமியார் குடிபோய்விடும். அதற்கு முன்னால், தினமும் எல்லை தாண்டுகிற லாரி டிரைவர்கள் சிலரையும் உட்கார வைத்துப் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வந்தவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன்.

தம்பி மத்தியானம் அக்கா வீட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தான். விளக்கு சிவந்தது.

"என்னடா மறைக்கிற?" என்றார் டாக்டரம்மா.

"மாமா சமைச்சதுல மூணாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். உனக்கு மிச்சம் வைக்கலை. அதைத்தான் மறைச்சேன், வேற ஒண்ணுமில்லக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பொய் சொன்னால் சின்ன வயசிலிருந்தே அவருக்குத் தெரியும். அதற்குக் கேமரா வேண்டியதில்லை. மறுநாள் காலையில் லாரி எடுக்கும் முன்னால், வாயில் ஒன்றும் போடாமல் வரச் சொன்னார். வந்தான், உட்கார்ந்தான். பளிச்சென்று பச்சை.

டாக்டரம்மா தன் துணைத் தலைவரைக் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு ஊரறிந்த பெயர் ஆமாஞ்சாமி. மேலதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே தலை ஆடிவிடும். ஆனாலும் வேலைக்காரர். கருவிக்கு நல்லவன் யார், கெட்டவன் யார் என்று கற்றுக்கொடுத்த சோதனைகளை எல்லாம் நடத்தியவர் அவர்தான்.

"நல்லவங்களா யாரை உட்கார வச்சீங்க?"

"நம்ம ஆபீஸ் ஆளுங்களைத்தான் மேடம். காலையில வந்ததும், கேன்டீன் திறக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவோம்."

"கெட்டவங்களா?"

"ஒரு நாடகக் குழுவைப் பிடிச்சேன் மேடம். பையில பொம்மை குண்டை மறைச்சு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லணும், அதான் அவங்களுக்கு வேலை. பிரமாதமா நடிச்சாங்க. என்ன, காலையில எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. மத்தியானம் கேன்டீன்ல சாப்பாடு போட்டாத்தான் வருவோம்னு ஒரே பிடிவாதம். சரின்னுட்டேன். நல்லா கட்டு கட்டுன்னு கட்டிட்டு வந்து உட்காருவாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்லாம, மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.  டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம், இத்தனை மூளை, இத்தனை அரசாங்கப் பணம்! கள்ள மனசைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அந்தக் கருவி நிறைந்த வயிற்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெறும் வயிற்றுக்காரன் முகம் குளிர்ந்திருக்கும், உண்டவன் முகத்தில் சூடு ஏறும். அவ்வளவுதான் சங்கதி.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று அந்த வாரமே திருப்பிப் போட்டுப் பார்த்தார். வாசல் காவலாளி, கணக்கர், கூட்டிப் பெருக்கும் அம்மா எல்லோரையும் சாப்பிட்டதும் உட்கார வைத்தார். எல்லாம் சிவப்பு. நாடகக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி விடியற்காலையில் எழுப்பி, பொம்மை குண்டோடு பட்டினியாக உட்கார வைத்தார். எல்லாம் பச்சை. குண்டு வைத்திருந்தவன் நல்லவன், உண்டு வந்தவன் கெட்டவன்! இதை எங்கே போய்ச் சொல்வது?

சொல்ல வேண்டிய இடம் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அறை. மேஜைக் கண்ணாடியில் நம் முகமே நமக்குத் தெரியும். ஏசி குளிரில் பல் கிட்டும். டாக்டரம்மா எழுதி வந்த அறிக்கையைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். செயலாளர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான்.

"இதை யார் யார்கிட்ட சொன்னீங்க?"

"கோளாறை எப்படிச் சரி பண்றதுன்னு கேட்பீங்கன்னு நினைச்சேன் சார்" என்றார் டாக்டரம்மா.

"மந்திரி அறிவிச்சாச்சு. மெஷின்களுக்கு ஆர்டரும் போயாச்சு. இப்ப வந்து வயிறு, சாப்பாடுன்னா எப்படிம்மா? அவர் பார்க்க வர்ற அன்னிக்குக் காலையிலயே வச்சிடுங்க. நம்ம ஆளுங்க வெறும் வயித்துல வரட்டும். நாடகக்காரங்களுக்கு மட்டும் நல்லா சாப்பாடு போடுங்க. முடிஞ்சுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எல்லா ஆராய்ச்சிக் கூடத்துக்கும் சேர்த்து ஒரே தலைவர் வரப்போறாங்க. உங்க பேருதான் முதல்ல இருக்கு. நீங்களா கெடுத்துக்காதீங்க."

அந்தப் பதவி மேல் டாக்டரம்மாவுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். கொள்ளை ஆசை. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த ஆசையோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனார்.

வீட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் விஷயத்தைச் சொன்னதும் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அக்கா, நான் தினமும் சாப்பிட்டுட்டுத்தான் வண்டி எடுப்பேன். சாவடியில சிவப்பு விழுந்தா என்ன பண்ணுவாங்க?"

"தனி ரூம்ல வச்சு விசாரிப்பாங்க."

"எத்தனை நாளு?"

"அது சட்டத்துல எழுதலை."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றைக் கண்டு அவன் பயந்து டாக்டரம்மா பார்த்ததே இல்லை.

"என் சமையலைச் சாப்பிட்டுட்டு உள்ள போனான்னா என் பேருதான் கெடும்" என்றார் கணவர். "இங்க பாரு, நீ கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி தூங்க மாட்டே. என்னையும் தூங்க விட மாட்டே. வேலை போனா போகட்டும்."

"வேலை போறது இருக்கட்டும். இது சாவடிக்குப் போகக் கூடாது. அதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் செயலாளரிடம், "நீங்க சொன்ன மாதிரியே காலையில வச்சிடலாம் சார்" என்றார். செயலாளர் குளிர்ந்து போனார். "வர்ற பெரியவங்களுக்கு நம்ம கேன்டீன்லயே விருந்து போட்டுடட்டுமா சார்?" என்றும் கேட்டார். வேண்டாம் என்று எந்தச் செயலாளர் சொல்வார்? டாக்டரம்மா கேன்டீன்காரரிடம் போனார். "எல்லாம் சுடச்சுட இருக்கணும். காரம் தூக்கலா இருக்கணும். யாரையும் ஒரு தடவையோட எழுந்திரிக்க விடாதீங்க" என்றார்.

அந்தக் காலையும் வந்தது. மந்திரி வந்தார், செயலாளர் வந்தார், எல்லைக் காவல் தலைவர் தன் மீசையோடு வந்தார். கேன்டீன்காரர் மூவரையும் பிடித்து உட்கார வைத்துப் பரிமாறினார். ஆமாஞ்சாமிக்கும் ஒரு தட்டு வந்தது. மந்திரி உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே இன்னொரு கரண்டி போடச் சொன்னார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடியே சோதனைக் கூடத்துக்குள் நுழைந்தார்.

பசியோடு காத்திருந்த ஊழியர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. தனி அறையில் சாப்பிட்டு முடித்த நாடகக்காரர்கள் பொம்மை குண்டோடு வந்தார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எல்லோரும் கை தட்டினார்கள். "நூத்துக்கு நூறு, ஐயா!" என்ற செயலாளர் சான்றிதழை மேஜையில் விரித்து, பேனா மூடியையும் தானே திறந்து வைத்தார்.

டாக்டரம்மா பேனாவைத் தொடவில்லை.

"ஐயா, நீங்களும் ஒரு தடவை உட்காரலாமே? போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றார்.

போட்டோ என்றால் மந்திரி மறுப்பாரா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, புன்னகையோடு உட்கார்ந்தார். கருவி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தது. விளக்கு சிவந்தது.

மெய்க்காப்பாளர் கை பழக்க தோஷத்தில் இடுப்புக்குப் போய்விட்டது. யாரைச் சுடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தது.

"ஏதோ கோளாறு, ஐயா" என்றார் செயலாளர்.

"அப்படியா? நீங்க உட்காருங்க சார்" என்றார் டாக்டரம்மா.

மந்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது? செயலாளர் உட்கார்ந்தார். சிவப்பு. எல்லைக் காவல் தலைவர் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு. டாக்டரம்மா கண்ணைக் காட்டினார். ஆமாஞ்சாமியும் போய் உட்கார்ந்தார். சிவப்பு.

"கோளாறு இல்லைங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. "உங்க நாலு பேருக்கும் நல்லா விருந்து போட்டிருக்கேன். சாப்பிட்டவங்க முகத்துச் சூட்டைத்தான் இது கண்டுபிடிக்குது. மனசை இல்லை. போன வாரம் இதே நாடகக்காரங்களைப் பொம்மை குண்டோட பட்டினியா உட்கார வச்சேன். எல்லாருக்கும் பச்சை காட்டிச்சு. செயலாளர்கிட்ட எழுதியே கொடுத்துட்டேன்."

மந்திரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். மந்திரி ஒன்றும் அசடு இல்லை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாடா, ஜெயித்தோம் என்று டாக்டரம்மா மூச்சு விட்டார். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் மந்திரி சொன்னார்:

"சரிம்மா. நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் தனி வழி விட்டுடச் சொல்லு. இது மத்தவங்களுக்குத்தானே?"

கேட்டீர்களா நியாயத்தை! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். டாக்டரம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது கோபம்.

"மத்தவங்கன்னா யாருங்க ஐயா? என் தம்பி லாரி ஓட்டுறான். சாப்பிட்டுட்டு வண்டி எடுக்கிறான். அவன் குத்தவாளியா? அப்போ சாவடி வாசல்ல பெரிசா ஒரு போர்டு வைங்க, பட்டினியா வர்றவங்க மட்டும் வாங்கன்னு! நிஜமா குண்டு வைக்க வர்றவன் அதைப் படிச்சுட்டு வெறும் வயித்தோட வருவான். இது அவனுக்குச் சலாம் போட்டு உள்ள விடும். நாட்டைக் காப்பாத்தத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறீங்க. நான் இன்னிக்கு அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலைன்னா நீங்க தலைவரே இல்லை" என்று செயலாளர் எகிறினார். "இந்த நிமிஷத்துலேர்ந்து துணைத் தலைவர்தான் பொறுப்பு."

"தாராளமா." டாக்டரம்மா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

செயலாளர் பேனாவை ஆமாஞ்சாமி கையில் திணித்தார். "போடுங்க."

"ஆகட்டும் சார்" என்றார் ஆமாஞ்சாமி. தலை ஆடியது. பேனா முனை தாளில் போய் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்று ஆமாஞ்சாமியின் குரல் கேட்டது. "எனக்கும் இப்பத்தான் சிவப்பு விழுந்துச்சு. மெஷின் சொல்றது சரின்னா நான் நாட்டுக்கே ஆபத்தான ஆளு. என் கையெழுத்து செல்லுமா சார்? மெஷின் சொல்றது தப்புன்னா... நான் எதுக்குச் சார் கையெழுத்துப் போடணும்?"

அவர் பேனாவை மூடினார். மூடும்போது அவர் நெற்றியில் வேர்வை கொட்டியது. அது விருந்தால் வந்ததில்லை.

செயலாளருக்கு முகம் கன்றிப் போயிற்று. சுவரோரம் நின்ற ஊழியர்கள் பக்கம் திரும்பினார். "பச்சை விழுந்தவங்க இத்தனை பேர் இருக்கீங்கல்ல? யாராவது ஒரு பொறியாளர் முன்னாடி வாங்க. வர்றவர்தான் இனிமே தலைவர்!"

ஒருவரும் முன்னால் வரவில்லை. டாக்டரம்மா கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தார். அட்டையும் இல்லை, பதவியும் இல்லை, குரல் மட்டும் எப்போதும்போல் கணீரென்று இருந்தது.

"காலையிலேர்ந்து பட்டினியா நிக்கிறீங்களே. போங்க, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

வாசல் காவலாளி முதலில் நகர்ந்தார். அவர் பின்னால் கணக்கர், அவர் பின்னால் பொறியாளர்கள். மந்திரியைத் தாண்டி, செயலாளரைத் தாண்டி, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.