ஐம்பது நிமிடக் காற்று

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கீழ்வீட்டுச் சுகிர்தம் அக்கா, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி சொன்னது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மின்சாரம் போன ஒரு காலையில் நடந்தது. அன்று நான் ஊரில் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

சாலமனின் நுரையீரல் ஒரு பழைய...

(வேண்டாம். உவமை தேடினால் மனிதர் மறைந்துவிடுகிறார்.)

சாலமன், அக்காவின் கணவர். முப்பது வருடம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். இப்போது எந்நேரமும் மூக்கில் ஆக்சிஜன் குழாய். மின்சாரம் போனதும் ஆக்சிஜன் மெஷின் நின்றது. அக்கா மூலையிலிருந்த சிலிண்டரைத் திறந்தார். நிரம்பியிருந்தால் நூற்றைம்பது காட்டும் முள், நாற்பதில் நின்றது. மணி பத்து.

தண்டையார்பேட்டையில் சிலிண்டர் கொடுக்கும் சௌக்கத் அலிக்குப் போன் போட்டார்.

"பாய், நாப்பதுதான் கீது. எவ்ளோ நேரம் தாங்கும்?"

"சின்ன சிலிண்டர்தானே? நாப்பத பத்தால பெருக்கு, நானூறு லிட்டர். நிமிஷத்துக்கு ரெண்டு போவுது. எரநூறு நிமிஷம். ஒன்னு இருவதுக்கு தீந்துடும். அதுக்குள்ள வந்துர்றேன்க்கா."

3

வரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி கவிழ்ந்து கிடந்தது. அக்கா கூப்பிட்ட 108 ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நின்றது.

"பாய் இன்னா சொல்றாரு?" என்றார் சாலமன்.

"வந்துகினு கீறாராம்."

"முள்ளு எங்க கீது?"

"நீ பேசாத. மூச்சு வாங்கும்."

"சொல்லுடி."

"இருவதுல."

அப்போது மணி பதினொன்று நாற்பது. அக்கா தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தபோது சாலமன் கண் மூடியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறினார்.

ஒன்று இருபது ஆனது. காற்று தீரவில்லை.

இரண்டு பத்துக்குச் சௌக்கத் அலி தன் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, யாருடைய பைக்கிலோ சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முள் ஐந்தில் இருந்தது. காற்று போகும் அளவு, முதலில் வைத்தபடியே நிமிடத்துக்கு இரண்டில். சாலமனின் உதடு மட்டும் லேசாக நீலம்.

"எப்பிடிக்கா? அம்பது நிமிஷம் முன்னாடியே தீந்திருக்கணுமே?"

அக்கா கர்த்தர் படத்தைப் பார்த்தார். சாலமன் சுவரைப் பார்த்தார்.

4

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

அக்கா வெளியே போனபோது, காற்று நீடிக்கட்டும் என்று சாலமனே குமிழைத் திருகி அளவை ஒன்றுக்குக் குறைத்து, பைக் சத்தம் கேட்டதும் பழையபடி வைத்திருக்கலாம்.

அவர் கண் மூடியிருந்தபோது, அவருக்குத் தெரியாமல் அக்கா குறைத்திருக்கலாம்.

இல்லை, முள் இருக்கும் மீட்டரே பொய் சொல்லியிருக்கலாம்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அக்கா ஆய்வதை நிறுத்தினார்.

"மீட்டர் மேல போடு."

"நிஜமா மீட்டரா அக்கா?"

"நான் இன்னா கேட்டேன் உன்ன? மீட்டர் மேல போடுன்னேன்."

போட முடியவில்லை. மறுநாளே சௌக்கத் அலி அந்த மீட்டரை வேறு சிலிண்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். சரியாகத்தான் காட்டியது.

(சாலமனிடம் தனியாகக் கேட்டேன். "அவ இன்னா சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.)

5

ஆகவே குமிழைத் திருகிய கை யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் எங்கள் தெருப்பக்கம் வந்தால், யார் கையென்று நினைத்தீர்களோ, அதை அந்த இருவரில் மற்றவரிடம் சொல்லிவிடாதீர்கள்.