நாலுக்கு நாலு

மரியாதையாக எழுதப்பட்ட கடிதம் எதுவும் மனித வரலாற்றில் இதுவரை ஒரு கதவைக்கூடத் திறந்ததில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. லிங்கன் நகரத்துக் கல்லூரியில் மூன்று பருவம் அரசியல் படித்துவிட்டு, ஆதாரத்தோடு சொல்கிறேன். ஆதாரம் எங்கள் வீட்டில், சலவை இயந்திரத்துக்கு மேல் பலகையில், நான்கு தடித்த கோப்புகளாக இருக்கிறது. என் அம்மா மார்லா வோண்ட்ரா என் தங்கையின் பள்ளிக்கு ஏழு வருடமாக எழுதிய கடிதங்களின் நகல்கள் அவை.

தங்கை ஜோசிக்குப் பதினொரு வயது. வாயால் சொல் வராது. பள்ளியில் ஒரு பேசும் கருவி கொடுத்திருக்கிறார்கள். படங்களைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். அதில் அவள் தானாகக் கோத்த முதல் வாக்கியம், "கோல்பி நாத்தம்." கோல்பி நான்தான். அன்று விளையாட்டுப் பயிற்சி முடிந்து குளிக்காமல் அவள் பள்ளிக்குப் போயிருந்தேன், தகவலில் பிழையில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை பள்ளி ஒரு தனிக் கல்வித் திட்டம் எழுதியாக வேண்டும். அதற்கொரு கூட்டம். கூட்டம் முடிந்த மறுநாள் அம்மாவின் கடிதம் போகும். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, கூட்டத்தில் பேசியதாக நான் புரிந்துகொண்டவை கீழே, தவறிருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். அடித்தவனிடம் 'கை வலிக்குதா' என்று விசாரிக்கும் இலக்கியம் என்பது என் விமர்சனம்.

மார்ச் மாதக் கூட்டத்துக்குக் காரில் போகும்போதும் சொன்னேன். "நீ நன்றி சொல்றதை நிறுத்தினாத்தான்மா அவங்களுக்குப் பயம் வரும்."

"நீ வாயை மூடிட்டு அந்தத் தட்டைச் சாயாமப் புடி. இன்னிக்கு உன் வேலை அதுதான்."

தட்டில் இருபது கொலாச்சி, நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட பன். பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறவர்களுக்குப் பிள்ளையின் வீட்டிலிருந்து பலகாரம் போக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது.

ஒன்றாம் வகுப்பு அறை. ஒன்றாம் வகுப்பு நாற்காலிகள். முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்தோம். எதிரே சிறப்புக் கல்வி அதிகாரி லோர்னா ப்ரூனிங். பக்கத்தில் பேச்சுப் பயிற்சியாளர் டெஸ், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். பெட்ரோல் பங்கிலிருந்து தேவாலயம்வரை எங்கள் ஊரில் எல்லோரும் அம்மாவை மார்லா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அறையில் மட்டும் அவளுக்குப் பெயர் கிடையாது. அவளைவிடப் பத்து வயது மூத்த லோர்னாவுக்கும் அவள் 'அம்மா'.

"ஜோசி தங்கமான பொண்ணு. எங்க எல்லாருக்கும் அவமேல உசுரு," என்று லோர்னா ஆரம்பித்தாள். ஏழு வருடத்தில், இந்த வாக்கியத்துக்குப் பின்னால் எதையாவது பிடுங்காமல் விட்டதில்லை.

"தேவையைப் பத்துத் தடவைக்கு எட்டுத் தடவை கருவியில சொல்லணும்ங்கிறது இலக்கு. நாலுதான் வந்திருக்கு. கருவி இவளுக்கு ஒத்து வரலைம்மா. திரும்ப வாங்கிட்டு, திங்கக்கிழமையிலிருந்து தொட்டுக் காட்டுற படப் புத்தகம் குடுத்துடலாம்."

அம்மா குரல் உயர்த்தவில்லை. "சாப்பாட்டு நேரத்துல கருவி எங்க இருக்கும்?"

"அலமாரியில. பத்திரமா. சாப்பாடு கொட்டிருச்சுன்னா?"

"விளையாட்டு நேரத்துல?"

"அலமாரியில."

"வீட்டுக்கு?"

"பள்ளிக்கூடத்துச் சொத்தும்மா."

பிறகு லோர்னா இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். புதிய இலக்கு: ஜோசி தட்டை எறியாமல் இருப்பாள். போன வியாழக்கிழமை கேன்டீனில் சில்லி என்கிற கறிக்குழம்புத் தட்டை எறிந்தாளாம். அன்று சாயங்காலம் அவள் நாக்கில் கொப்புளம் பார்த்தோம். கொதிக்கக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். சுடுகிறது என்று சொல்ல வேண்டிய வாய் அலமாரிக்குள் இருந்தது.

டெஸ் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பத்துல ஆறு தடவை கேன்டீன்ல எடுத்தது," என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"அதாவது கருவி பூட்டி இருந்தப்ப," என்றாள் அம்மா. "கையில இருந்தப்ப?"

"நாலு தடவை. நாலும் சரியாச் சொன்னா."

லோர்னா அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுக்கவில்லை. அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் லோர்னா அதை எடுத்திருக்கக்கூடும்.

நான் எழுந்துவிட்டேன்.

"லோர்னா, உங்க நாக்கை அறுத்து அலமாரியில வெச்சுப் பூட்டுறேன். மத்தியானம் வந்து, 'இவங்க பேசலை, நாக்கு இவங்களுக்கு ஒத்து வரலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன். சரியா?"

நல்ல வசனம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். லோர்னா கோப்பை மூடினாள்.

"இந்தச் சூழல்ல கூட்டத்தைத் தொடர முடியாது." பேனாவை அப்போதுதான் எடுத்தாள். டெஸ் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள்.

காரில் திரும்பினோம்.

"ஜெயிச்சிட்டியா?" என்றாள் அம்மா, பாதி வழியில்.

"அவங்க பண்றது அநியாயம்மா."

"எனக்குத் தெரியாதா? அவ கொலாச்சியைக் கடிச்சுக்கிட்டே தங்கமான பொண்ணுன்னப்ப, தட்டாலயே ஒண்ணு போடலாம்னு கை துடிச்சுது. அந்தப் புள்ளை டெஸ், வேலை போனாலும் போகட்டும்னு வாயைத் தொறந்துச்சுடா. எழுதிக்கிட்டாங்களா? உன் நாக்குக் கதையைத்தான் எழுதிக்கிட்டாங்க."

வீட்டில் என்னை இறக்கிவிட்டாள். "இந்தத் தடவை நான் எழுதலை. எழுதினா கெட்ட வார்த்தைதான் வரும்." முதியோர் இல்லத்தில் மூன்று மணிக்கு அவளுக்கு வேலை.

நாலு மணிக்குக் கூட்டக் குறிப்பு வீட்டு மின்னஞ்சலுக்கு வந்தது. ஒரு பக்கம். 'குடும்ப உறுப்பினர் ஒருவர் அலுவலரின் நாக்கை அறுப்பதாக மிரட்டினார். கருவியைத் திரும்பப் பெறும் பரிந்துரைக்கு மாற்றுத் தகவல் எதுவும் முன்வைக்கப்படவில்லை.'

பள்ளி பஸ்ஸில் வந்திறங்கிய ஜோசி என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். ஃபிரிட்ஜைத் தட்டினாள். பால் காட்டினேன், இல்லை. சீஸ், ஆப்பிள், நேற்றைய சூப், எதுவும் இல்லை. ஐஸைக்கூடக் காட்டினேன். கையைத் தட்டிவிட்டாள். காலை உதைத்தாள், தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தேன். பிறகு அவளாகவே கேட்பதை விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், சத்தமில்லாமல். அவள் கேட்டது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

முதலில் எழுதிய பத்தி மிகச் சிறப்பாக வந்தது. லோர்னாவின் அலமாரியை ஒரு கல்லறையோடு ஒப்பிட்டிருந்தேன். அதை அழித்தேன். இரண்டாவது அதைவிடச் சிறப்பு. அதையும் அழித்தேன். மூன்றாவதில் உவமை இல்லை. பத்து முயற்சிகளில் ஆறு, கருவி பூட்டியிருந்தபோது பதிவானவை. கையில் இருந்தபோது நாலுக்கு நாலு சரி. பதிவுத் தாளின் நகல் வேண்டும். கருவியை எடுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நாங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாக்கைப் பற்றி நான் சொன்னதற்கு வருந்துகிறேன். தவறிருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

படித்துப் பார்த்தேன். மேலே இன்னும் இடம் இருந்தது. 'மதிப்பிற்குரிய திருமதி ப்ரூனிங் அவர்களுக்கு' என்று தட்டினேன். அதற்குக் கீழே, இன்று எங்களுக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.