முதல் முகம்

துவரம்பருப்பு அளவுதான். அதற்குள் ஒரு முகம் கூடிக்கொண்டிருந்தது.

முகம் ஒரே துண்டாக வருவதில்லை. நெற்றியிலிருந்து கொஞ்சம் இறங்கும். இடமிருந்து கொஞ்சம், வலமிருந்து கொஞ்சம். நடுவில் தொட்டுக்கொண்டால் உதடு.

ஒரு பக்கம் வந்து நின்றது. மறுபக்கம் வந்து சேரவில்லை.

தன் வயிற்றுக்குள் நடப்பது செல்வக்கனிக்குத் தெரியாது. தூத்துக்குடி உப்பளத்தில் அன்றும் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெயில். தான் உண்டாகியிருப்பதே அவளுக்கு இன்னும் உறுதிப்படவில்லை.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் திறந்தே கிடந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். “கெரகணத்தன்னைக்கு வெளிய போவாதன்னு சொன்னேம்லா. கேட்டியாட்டி?”

கணவன் சுயம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமியாரின் பேச்சைவிட அதுதான் சுட்டது.

பிள்ளையால் உறிஞ்ச முடியவில்லை. பால் கட்டி மார்பு கல்லானது. பீய்ச்சியெடுத்துப் பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டினாள். பாதி மூக்கு வழியே வந்தது. துடைத்தாள். ஊட்டினாள். துடைத்தாள்.

யார் வந்தாலும் தொட்டிலின் மேல் சேலையை இழுத்துவிட்டார்கள். போட்டோ எடுக்கக் கூடாது என்றாள் மாமியார். யாரும் எடுக்கவில்லை. பெற்றவளும் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. மழை விட்டிருந்தது. பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. பிளவு முழுக்க விரிந்த சிரிப்பு. அந்தச் சின்ன முகத்தில் சிரிப்பைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

அன்று செல்வக்கனியும் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். “கிரகணம் உனக்கு எத்தனாவது மாசம்?”

“அஞ்சு.”

“உதடு ரெண்டாம் மாசத்துலயே கூடிரும்மா. அண்ணம் மூணாம் மாசத்துல. கிரகணம் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிட்டு. நீ ஒண்ணும் பண்ணல.”

நீ ஒண்ணும் பண்ணல. பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒருவரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. பக்கத்திலிருந்த சுயம்பு தரையைப் பார்த்தான்.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். அண்ணத்துக்கு ஒரு வயது ஆகட்டும் என்றார்கள்.

வீடு நிறைய ஆட்கள். லட்டு. “இப்பதான் புள்ள லட்சணமா இருக்கா.” தொட்டிலை மூடியிருந்த சேலை காணாமல் போனது. ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

பிள்ளை சிரித்தது. இறுகிய, சின்னச் சிரிப்பு. அழகான வாய். யாருடையதோ போல.

செல்வக்கனி அந்த முகத்தில் இன்னொரு முகத்தைத் தேடினாள். யாரிடம் சொல்ல? சொன்னால் சிரிப்பார்கள். இல்லை, திட்டுவார்கள்.

சுயம்புவோடு தையலைக் காட்டப் போன அன்று நர்ஸ் ஃபைலைத் திறந்தாள். ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோ உள்ளே ஒட்டியிருந்தது. செல்வக்கனி அதன் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

“இதத் தருவீங்களாம்மா?”

“இது எதுக்குக்கா? அதான் நல்லா ஆயிட்டே.”

“எம் புள்ள மொதமொதல்ல என்னயப் பாத்துச் சிரிச்சது இந்த வாயாலதாம்மா.”

நர்ஸ் ஃபைலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தாள்.

சுயம்பு தன் போனை எடுத்தான். படம் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தான்.