பைலட் ட்ராக்கில் அண்ணன்

கதை நகராத இடத்தில் ஃப்ளாஷ்பேக்கைப் போடு என்பது சீரியல்காரர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத தொழில் தர்மம். குடும்பக் கதை என்றால் மாமியாரின் கன்னிப் பருவத்துக்குப் போவார்கள். விண்வெளிக் கதை என்றால் கப்பல் எரிபொருள் தீர்ந்து நட்சத்திரங்களுக்கு நடுவே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பழசை நினைப்பார்கள். நினைத்துப் பார்க்க எரிபொருள் வேண்டாமல்லவா. மந்திரவாதிக் கதையாக இருந்தால் இதே வேலைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த விண்வெளி சீரியலின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் டைரக்டர், கப்பலை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்திவிட்டு, செத்துப்போன சீஃப் இன்ஜினியரைப் பற்றி ஒரு முழு எபிசோடு ஃப்ளாஷ்பேக். கதைப்படி சீஃப் இன்ஜினியர் கப்பலுக்கு வெளியே ரிப்பேர் வேலைக்குப் போய்க் கயிறு அறுந்து காணாமல் போயிருந்தார். அப்படி எழுதியதற்குக் காரணம், அந்த வேஷத்தைப் போட்டவர் ஒரு காலை நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"ஜனங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவர் முகத்த ஒரு தடவையாவது காட்டணும்" என்றார் டைரக்டர். சொல்லிவிட்டு மேஜையின் மறுகோடியைப் பார்த்தார். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள் அவருடைய தங்கை.

"யூஸ் பண்ணாத ஷாட் நிறைய இருக்கு சார். நான் எடுத்துத் தரேன்" என்றாள் அவள். காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

அவள் துணை இயக்குநர். ஆனால் செட்டில் அவளுக்கு உள்ள உண்மையான வேலை ப்ராம்ப்டிங். கேமராவுக்குப் பக்கத்தில் கண்ணில் படாமல் நின்றுகொண்டு வசனத்தைத் துண்டு துண்டாக உரக்கச் சொல்ல வேண்டும். நடிகர்கள் அதைக் கேட்டு, முகத்தில் பாவத்தை ஒட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கத்துகிற வேலை. அதனால் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் கிளிகள் மற்றவர்கள்தான். சம்பளம் குறைவானவர் தலையில் பெயரைக் கட்டுவதும் தொழில் தர்மம்தான்.

அண்ணனை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டவள் அவள்தான் என்றும் சொல்ல முடியாது. அவன் பம்ப் மெக்கானிக். செட்டில் புகை மெஷின் மக்கர் செய்தபோது, கழற்றிப் பார்க்க வரச் சொல்லியிருந்தாள். தரையில் குப்புறப் படுத்து அவன் அதை நோண்டிக்கொண்டிருந்ததை டைரக்டர் பார்த்தார். "இந்தக் கையும் முகமும்தான் என் இன்ஜினியர்" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எவ்வளவோ நழுவிப் பார்த்தான். தங்கைக்கு வேலையில் நல்ல பெயர் வரும் என்று யாரோ காதில் போட்ட பிறகு சரி என்று விட்டான்.

வசனம் அவனுக்கு மனதில் நிற்காது. குரலும் எடுபடாது, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். வசனத்துக்குக் கிளி இருந்தாள். குரலுக்கு ஒரு டப்பிங்காரர் இருந்தார். சீஃப் இன்ஜினியருக்கும் மூன்று கண் ராட்சசனுக்கும் அவரே குரல் என்பதால், ஒரு எபிசோடில் தன்னோடு தானே சண்டை போட்டுத் தானே தோற்றும் போயிருக்கிறார். சீஃப் இன்ஜினியரின் கம்பீரமான குரலுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அந்தக் குரலில் அண்ணனுடையது ஒரு சொட்டுக்கூட இல்லை.

அண்ணன் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், டீ போதுமா என்று பார்த்தாள், வேலைக்குத் திரும்பினாள். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. நெஞ்சழுத்தக்காரி என்று ஒரு அத்தை அவள் காதுபடவே சொன்னாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. நியாயமாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது.

ஒரே ஒரு விஷயம்தான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சீரியல்காரங்கதான் எல்லாத்தையும் பிடிச்சு வெக்கிறீங்களே. அவன் பேசினது எங்கயாவது இருக்குமா? டிவில வர்றது வேணாம். அது யாரோ. அவன் பேசினது."

"தேடிப் பாக்குறேம்மா."

தேடினாள். அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஜாதியில்லை. எதற்கும் ஒரு கட்டைவிரல் படம்தான் பதில். சித்தப்பா மகள் கல்யாண வீடியோவில் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறான், யாரிடமோ வாயைத் திறந்து ஏதோ சொல்கிறான். வீடியோக்காரன் அதன்மேல் காதல் பாட்டைப் போட்டு மூடியிருந்தான். சரி, நினைவில் இருப்பதையாவது கேட்டுப் பார்ப்போம் என்று கண்ணை மூடினாள். சமையலறை வாசலில் சாய்ந்து நிற்கிற அண்ணன் அச்சு அசலாக வந்தான். சீரியல் ஃப்ளாஷ்பேக் மாதிரி நீலப் புகையும் இல்லை, ஓரத்து மங்கலும் இல்லை. சட்டையில் இருந்த கிரீஸ் கறைகூடத் தெரிந்தது. வாயைத் திறந்தான். டப்பிங்காரர் குரலில் பேசினான்.

அதிலிருந்து கண்ணை மூடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

எடிட்டிங் அறையில் பழைய ஷாட்டுகளைப் பொறுக்கினார்கள். அண்ணன் திரும்புகிறான், அண்ணன் ஸ்பேனரைத் துடைக்கிறான், அண்ணன் யாரையோ கூப்பிடுகிறான். எந்தக் காட்சிக்காகவோ எடுத்ததை வேறு காட்சிக்கு ஒட்டவைத்து, உதட்டசைவுக்குத் தோதாகப் புது வசனம் எழுதிக்கொண்டார் கதாசிரியர். சீஃப் இன்ஜினியருக்குத் திடீரென்று ஒரு தங்கை முளைத்தாள். கிரகம் அழியப்போகிறது, தங்கையை முதல் கப்பலில் ஏற்றிவிட்டு அண்ணன் பின்தங்கி நிற்கிறான். "உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கதாசிரியர் கையைப் பிசைந்தார். "இல்ல சார், நல்லாதான் இருக்கு" என்றாள். நல்லாதான் இருந்தது. மற்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவள் ஒரு ஷாட்டில் அண்ணன் காலர் மடங்கியிருந்ததையும் அடுத்த ஷாட்டில் நிமிர்ந்திருந்ததையும் சுட்டிக்காட்டினாள்.

வியாழக்கிழமை டப்பிங். டப்பிங்காரர் கழுத்தில் மஃப்ளரோடு வந்தார், அவளைப் பார்த்ததும் கண் கலங்கினார், தொண்டைக்கு ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினார். திரையில் அண்ணன் உதடு அசைந்தது.

"விளக்க மட்டும் அணைச்சுடாத தங்கச்சி. நான் வர்ற வழி தெரியணும்."

சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசி வார்த்த கொஞ்சம் முந்திடுச்சு சார். இன்னொரு டேக் போகலாம்" என்றாள் அவள்.

டேக் ஓகே ஆனதும் டப்பிங்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர் இத்தனை நாள் காதில் எதைக் கேட்டுக்கொண்டு பேசினார்? ஷூட்டிங்கில் பதிவாகிற சத்தத்தைத்தான். பைலட் என்பார்கள். டப்பிங் பேசுகிறவருக்கு வழிகாட்டத்தான் அது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள். சீரியல் உலகில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி. ஊரெல்லாம் தேடியவளுக்குத் தன் பிழைப்பிலேயே தேடத் தோன்றவில்லை. பைலட்டை யாரும் குரலாக நினைப்பதில்லை, குப்பையாகத்தான் நினைப்பார்கள்.

"சார், பழைய எபிசோடு பைலட்டெல்லாம்?"

சவுண்ட் இன்ஜினியர் கையை விரித்தார். "அப்பவே போயிடுச்சும்மா. இன்னைக்கு ஓட்டினோமே, இந்த யூஸ் பண்ணாத சீனோடது மட்டும்தான் இருக்கு. மிக்ஸிங் முடிஞ்சா இதுவும் போயிடும்."

டப்பிங்காரர் ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டிவிட்டார். அவள் காதைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கேட்டது அவளுடைய குரல்.

வசனத்தைத் துண்டு துண்டாகக் கத்துகிற, அவசரப்படுத்துகிற, தொண்டை கட்டிய குரல். மைக்குக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தானே. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால், அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. ஆண் குரல் என்று தெரிந்தது. அதற்குமேல் தெரியவில்லை. அது முடிவதற்குள் அவளுடைய அடுத்த துண்டு வந்து விழுந்து மூடியது.

"எனக்கு எப்பவும் அப்படித்தாம்மா கேக்கும்" என்றார் டப்பிங்காரர் சங்கடத்தோடு. "அவர் குரல் காதுக்கே வராது. நீங்க எங்க ஏத்துறீங்க, எங்க இறக்குறீங்கன்னு பாத்துத்தான் நான் பேசுவேன். உண்மையச் சொன்னா, இத்தன நாள் நான் உங்களத்தான் பேசினேன்."

அவள் சவுண்ட் இன்ஜினியரிடம் திரும்பினாள். "என் குரல மட்டும் எடுத்துட முடியுமா சார்?"

அவர் முயன்று பார்த்தார். மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார்.

"ரெண்டும் ஒரே மைக்ல ஒட்டிக்கிட்டு கிடக்கு. உங்கள எடுத்தா அவரும் போயிடுறாரு."

"அப்ப இருக்கறபடியே குடுத்துடுங்க" என்று போனை நீட்டினாள். அவர் ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை மறுபடி மறுபடி கேட்டாள். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தன் குரலின்மேல் எரிச்சல்தான் வந்தது. இவள் கொஞ்சம் வாயை மூடினால் என்ன, யாராவது இவளை நிறுத்தக் கூடாதா என்று வேறொருத்தியைப் பற்றி நினைக்கிற மாதிரி நினைத்தாள். ஒரு இடத்தில் அண்ணன் வழக்கம்போலச் சுணங்குகிறான், இவள் சிடுசிடுக்கிறாள். செட்டில் அவனை எல்லோரும் மந்தம் என்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கணம் நின்றுதான் பேசுவான். டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அவளுக்கும் மானம் போகும்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னல் திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். "கிடச்சுதும்மா. ஆனா ஒண்ணும் புரியாது" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள் மகள். "நான் போட்டுக் கத்துறதுதான் கேக்கும். அவன் அடியில எங்கயோ இருக்கான்."

அம்மா போனை வாங்கிக் காதோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. வளையங்கள் மடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்தன. முழுவதும் ஓடி முடிந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டாள்.

"மூச்சு விடாம பேசுற நீ" என்றாள் அம்மா.

"அதாம்மா என் வேல."

"அவன் அதுக்குத்தான் நிக்கிறான்."

"என்னது?"

"நீ மூச்சு வாங்கட்டும்னு நிக்கிறான். நீ இழுத்து விட்டப்பறந்தான் பேச ஆரம்பிக்கிறான். பாரு, ஒவ்வொரு தடவையும்." அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "இந்த எடத்துல உன்கிட்ட என்னமோ சொல்றான், நீ அவன்மேல வள்ளுன்னு விழற."

"அது வசனம்மா. சுணங்கிச் சுணங்கிப் பேசுவான்."

"வசனமில்ல. ‘பாப்பா, தண்ணி குடிச்சுக்க, தொண்ட கட்டிக்கும்’ங்கிறான்."

மகள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அந்த இடத்தைத் தேடிப் போட்டாள். முணுமுணுப்பு வந்தது; அதன்மேல் அவள் குரல் தெள்ளத் தெளிவாக விழுந்தது: "அதெல்லாம் அப்புறம், டயலாக்கப் பேசுண்ணா." உடனே முணுமுணுப்பு அடங்கி, சொன்ன பேச்சைத் தட்டாமல் வசனத்துக்குப் போனது. திரும்பப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். அவள் குரல்தான் கூடியது. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்ட ஒருத்திக்கு மட்டும்தான் அது கேட்டது.

"எனக்குக் கேக்கலம்மா" என்றாள். "எப்படிச் சொல்றான்? அவன் சொல்ற மாதிரியே சொல்லு."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆண்பிள்ளை பேசுகிற மாதிரி நடிக்கவெல்லாம் இல்லை, எங்கே அழுத்தினானோ அங்கே அழுத்தி, எங்கே விட்டானோ அங்கே விட்டு, துண்டாக்கிச் சொன்னாள்.

"பாப்பா."

"பாப்பா" என்றாள் மகள்.

"தண்ணி குடிச்சுக்க."

"தண்ணி குடிச்சுக்க."

"தொண்ட கட்டிக்கும்."

அதைத் திருப்பிச் சொல்ல அவளால் முடியவில்லை. நான்கு மாதமாக வராதது வந்து தொண்டையை அடைத்துவிட்டது. அம்மா அவசரப்படுத்தவில்லை. அவள் மூச்சு விடட்டும் என்று காத்திருந்தாள்.