வருகைத்தாளில் ஐந்து பேர்

எங்கள் இசைக்குழுவில் ஐந்து பேர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. கடந்த ஒரு வருடமாக யாரும் தாமதமாக வந்ததில்லை. நான்கு பேர் என் லேப்டாப்பில் இருந்ததால் அது சாத்தியமானது.

ஆரம்பித்து வைத்தவன் தோர்கெல். கிடார் வாசிப்பவன்.

"குளிர் வர்றதுக்குள்ள படகைக் கரையேத்தணும்டா ஹென்னிங். என் பங்கை வீட்டுலயே வாசிச்சு அனுப்பிடறேன். அதைப் போட்டுக்கிட்டு நீங்க வாசிங்க. நான் இருக்கிற மாதிரியே இருக்கும்."

இருந்தது. உண்மையில் அதைவிட நன்றாகவே இருந்தது. நேரில் வரும் தோர்கெல் இரண்டாவது பாட்டுக்குள் ஒரு தந்தியை அறுத்துவிடுவான். அதை மாற்றும்போது வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கதையைச் சொல்வான். டிராக்கில் வந்த தோர்கெல் வாசித்தான், நிறுத்தினான். மனிதனாக அவனுக்கு இது பெரிய முன்னேற்றம்.

அடுத்து கீபோர்டு ஹெத்தா. அவள் மகள் சிவ்வுக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமை மாலையில் சளி பிடித்து ஞாயிறு காலையில் குணமாகிவிடும் வினோதமான உடம்பு அந்தக் குழந்தைக்கு. பிறகு பேஸ் கிடார் ரூபென். அவன் வேட்டைக்காரன். அக்டோபரில் மூஸ் மான் வேட்டை. நவம்பரில் அது கிடைக்காத துக்கம். கோடையில் அடுத்த அக்டோபருக்கான துப்பாக்கிப் பயிற்சி.

எல்லோரும் டிராக் அனுப்பினார்கள். நான் டிரம்ஸ் வாசித்தேன்.

ஐந்தாவது ஆள் இல்வா. எங்கள் பாடகி, என் மனைவி. வராமலிருக்க மற்ற மூவரையும்விட நல்ல காரணம் அவளுக்கு இருந்தது. போன வருடம் பிப்ரவரியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்திரண்டு வயது. அதற்கு முந்தின நவம்பரில் ஆறு பாட்டுகளைத் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்திருந்தோம்.

அவள் போன பிறகு நடந்த முதல் ஒத்திகையில் தோர்கெல் தன் ஷூவைப் பார்த்தபடி கேட்டான். "பாடறதுக்கு என்ன பண்றது?"

நான் ஐந்தாவது சானலைத் திறந்தேன். இல்வா பாடினாள். மற்றவர்கள் வாசித்தார்கள். முடிந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹெத்தா காப்பி ஊற்றினாள். எங்கள் ஊர் யேவ்லெயில் யாரும் எதுவும் சொல்லவில்லையென்றால் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டாலும் அதையேதான் செய்வார்கள். நான் வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

ஒத்திகை அறை ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறையில் இருக்கிறது. எங்களுக்கு அதைக் கொடுத்திருப்பது ஒரு கல்விச் சங்கம். இந்த நாட்டில் நாலு பேர் கூடிச் சத்தம் போட்டால் அதற்குப் பெயர் படிப்பு வட்டம். விதி ஒன்றுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் வருகைத்தாளில் வந்தவர்களுக்கு வட்டத் தலைவர் டிக் போட வேண்டும். தலைவர் நான். அந்தத் தேர்தலன்று மற்றவர்கள் காப்பி எடுக்கப் போயிருந்தார்கள்.

ஐந்து பேர் வாசிப்பது கேட்டது. ஐந்து டிக் போட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில் வாராவாரம் 'நன்றாகப் போனது' என்று எழுதினேன். பொய் இல்லை. அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததே இல்லை.

அந்த அறை எனக்கு வேண்டும். இல்வாவின் குரலை வீட்டில் கேட்க என்னால் முடியாது. ஒரு தடவை சமையலறையில் போட்டுப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு சேர்ந்து பாடினாள். நிறுத்திவிட்டேன். நிலவறையில் அப்படியில்லை. அங்கே அவள் குழுவில் ஒருத்தி. எனக்கும் கையில் குச்சி இருந்தது, செய்ய வேலை இருந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம். மற்றபடி எனக்கு வேண்டியது என்று அந்தச் சமயத்தில் பெரிதாக எதுவும் இல்லை.

அக்டோபரில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை பத்தரைக்கு ஆய்வாளர் குன்வோர் வருகிறார். மூன்று பேர் இல்லையென்றால் அறை அடுத்த குழுவுக்குப் போகும். பதினோரு குழுக்கள் காத்திருக்கின்றன. வாழ்த்துகளுடன், ஒரு பூப்படத்துடன்.

கடிதத்தை அப்படியே எங்கள் கைபேசிக் குழுவில் அனுப்பினேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று டிராக்குகளும் வந்தன.

"ஆய்வுக்குன்னே புதுசா வாசிச்சேன்டா. அந்தம்மா அசந்துடுவாங்க பாரு. நீங்க மூணு பேர் இருப்பீங்கல்ல, போதும்" என்று தோர்கெல் எழுதியிருந்தான். ரூபெனும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தான், எழுத்துப் பிழைகளோடு. ஹெத்தா சிவ்வின் மூக்கைப் பற்றி எழுதியிருந்தாள். ஒவ்வொருவருக்கும் மற்ற இருவர் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் யாரையும் அழைத்துக் கெஞ்சவில்லை. டிராக்குகளை லேப்டாப்பில் ஏற்றினேன்.

மறுநாள் குன்வோர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு கையில் காப்பிக் குடுவை, இன்னொரு கையில் இலவங்கப்பட்டை பன் போட்ட பை. பாட்டு முடியட்டும் என்று கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்போடு கதவைத் திறந்தார்.

"அருமை! அதுவும் அந்தப் பொண்ணு குரல்..."

சுற்றிலும் பார்த்தார். டிரம்ஸ், நான், லேப்டாப்.

"மத்தவங்க எங்க?"

"இதுல" என்று லேப்டாப்பைக் காட்டினேன்.

"என்னை என்ன லூசுன்னு நினைச்சீங்களா?"

"இல்லீங்க. விதியில மூணு பேர் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எப்படி இருக்கணும்னு போடல."

பன் பையை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார். சுவரிலிருந்து வருகைத்தாளை எடுத்தார். அன்றைய தேதிக்கு எதிரே ஐந்து டிக். பெயர்களுக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்கள். ஸ்பீக்கரில் போட்டு வரிசையாக அழைத்தார்.

"தோர்கெல்தானே? கல்விச் சங்கத்துலேர்ந்து பேசறேன். எங்க இருக்கீங்க?"

"ஒத்திகையிலதான் இருக்கேன்! வண்டிய நிறுத்த வெளிய வந்தேன்." பின்னால் கடற்பறவைகள் கத்தின. யாரோ, "கயித்தை இழுடா, கயித்தை!" என்று அலறினார்கள்.

"எங்க நிறுத்தறீங்க, கடலுக்குள்ளயா?"

தொடர்பு அறுந்தது.

ரூபென் கிசுகிசுத்தான். "யாரு?"

"சங்கத்துலேர்ந்து. ஏன் ரகசியமா பேசறீங்க? ஒத்திகையில இருக்கறதா டிக் போட்டிருக்கே."

"ஆமா... இப்ப மெதுவா வாசிக்கற இடம்."

"சத்தமே கேக்கலையே!" என்றார் குன்வோர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"போச்சு! ஓடிடுச்சு! நாலு மணி நேரமா மரத்து மேல உக்காந்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

அடுத்த பெயர் இல்வா. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பதிவுக் குரல் பொறுமையாகச் சொன்னது.

"நம்பர் மாத்திட்டாங்களா?"

"செத்துட்டா."

"எப்ப?"

"போன வருஷம் பிப்ரவரி."

குன்வோர் பழைய தாள்களைப் புரட்டினார். "ஒரு வாரம்கூட விடலையே இவங்க."

"ஆமா. உயிரோட இருந்தப்ப இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. "யாரு இவங்க உங்களுக்கு?"

சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஹெத்தாவை அழைத்தார். ஹெத்தா பொய் சொல்லவில்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்றாள்.

வந்தாள். இடுப்பில் சிவ், பைஜாமாவுக்கு மேல் குளிர்கோட்டோடு. குழந்தையின் மூக்கு பாலைவனம்போல் காய்ந்திருந்தது.

"சளின்னு எழுதியிருந்தியே" என்றேன்.

"எனக்குச் சளி இல்ல" என்றாள் சிவ். "பன் யாருது?"

குன்வோர் அவளுக்கு ஒரு பன் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வருஷம் பூரா ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகுமா?" என்றாள் ஹெத்தா. "உனக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வரலையா?"

"அப்ப ஏன் வரல?"

"நிஜமாவே தெரியாதா, நடிக்கறியா?"

"தோர்கெல்தான் முதல்ல டிராக் அனுப்பினான். அதைப் பாத்து நீங்களும்..."

"முதல் டிராக் தோர்கெலோடது இல்லடா."

நான் ஸ்நேர் டிரம்மின் திருகை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுப்பா, இல்ல? அது ஹெட்போன்ல காதுக்குள்ளயே கேக்கும். வாராவாரம் அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் நான் இவளுக்குத் தோசை வாக்கணும். தோர்கெல் அன்னைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கலன்னு அரை மணி நேரம் லேட்டா வந்தானே, வண்டியிலதான் உக்காந்திருந்தான். அழுதுகிட்டு. ரூபெனுக்கு அழத் தெரியாது, மானைச் சுடப் போயிட்டான். இதுவரைக்கும் ஒரு மானும் சாகல, அது வேற விஷயம்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? உன் பொண்டாட்டிய நிறுத்துடான்னா?"

சிவ் பன் மேலிருந்த சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். குன்வோர் மூன்று கோப்பைகளில் காப்பி ஊற்றினார். ஊற்றி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்ப்பா" என்றார். "அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வரேன். மூச்சு விடற ஆளுங்க மூணு பேர் இருக்கணும். குழந்தைய சேத்துக்க முடியாது. இந்தப் பேரு தாள்ல இருக்கக் கூடாது. இல்லன்னா அறை போயிடும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பேனாவை எடுத்தார். "நானே அடிச்சிடட்டுமா?"

"குடுங்க, நான் அடிக்கறேன்."

ஒரு கோடு போதும். போட்டேன்.

வாரம் முழுவதும் யோசித்தேன். ஐந்தாவது சானல் திறந்திருந்தால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் அறை போய்விடும். அறை போனால் ஐந்தாவது சானலைக் கேட்க இடமில்லை. எந்தப் பக்கமிருந்து போனாலும் அவள் பாடுவது நின்றுவிடும். ஒரு வழியில் மட்டும் என்னோடு மூன்று பேர் இருப்பார்கள்.

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். எல்லோரும் தாமதம். தோர்கெல் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்றான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ரூபென் என் தோளைத் தட்டினான், மானை விரட்டுகிறவன்போல. குன்வோர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நான் லேப்டாப்பை மூடிவைத்தேன். முதல் பாட்டின் முன்னிசையை டிரம்ஸில் வாசித்தேன். பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் மூவரும் மூன்று வெவ்வேறு நேரத்தில் நுழைந்தார்கள். நிறுத்தினோம். இரண்டாவது முறையும் அதே கதி. தோர்கெலின் தந்தி ஒன்று அறுந்தது.

"என்னடா ஆச்சு உங்களுக்கு?" என்றேன்.

"நான் அவ மூச்சை வச்சுத்தான் உள்ள வருவேன்" என்றான் தோர்கெல், தந்தியைப் பார்த்துக்கொண்டு. "இல்வா மூச்சை."

"நானும்தான்" என்றான் ரூபென்.

இருபது மாதங்களாக என் முன்னால் அவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எனக்கும் ஒன்று புரிந்தது. நானும் எண்ணியதில்லை. தாளம் எண்ணி எல்லோரையும் உள்ளே கொண்டுவருவது டிரம்ஸ்காரனின் வேலை. இத்தனை காலமும் அதையும் அவள்தான் செய்துகொண்டிருந்தாள்.

குச்சிகளைத் தட்டினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் அந்த அறையில் கன்னாபின்னாவென்று ஒலித்தது. உள்ளே வந்தோம், கிட்டத்தட்ட ஒன்றாக. யாரும் பாடவில்லை. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சுற்றிக் கடைசிவரை வாசித்தோம்.

பன்கள் தீர்ந்த பிறகு வருகைத்தாளை எடுத்தேன். நான்கு டிக் போட்டேன். குன்வோர் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'படு மோசம். எல்லோரும் வந்திருந்தோம்.'