அப்பாவின் வேகம்

பாப்பாவுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. முன்தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கி வெகுநாளாயிற்று. அதை மறைக்கிற ஆசையும் விட்டுப்போயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் மேடம். ஆனால் எங்கெங்கோ பரவிக் கிடக்கிற ஒரு ரசிகர் பட்டாளத்துக்கு அவள் இன்னமும் பாப்பாதான். அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவளைப் பற்றி ஒரு பாட்டு பதிவாகிவிட்டது. அப்படிப் பிறந்தவர்களுக்கு வயதாக யார் விடுகிறார்கள்?

'எட்டாவது மாடி' என்ற ராக் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பாடியவர் அவளுடைய அப்பா. வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்த்து, யாரது உள்ளே என்று வம்புக்கு இழுக்கிற பாட்டு. ஒலிப்பதிவு முடிந்த கையோடு இசைக்குழு ஒரு கச்சேரிக்குக் கிளம்பியது. வழியில் வேன் கவிழ்ந்தது. மற்றவர்கள் அடிபட்டுப் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. ஆல்பம் கடைக்கு வந்தபோதும் அவர் இல்லை, பாப்பா பிறந்தபோதும் இல்லை. ஆல்பம் மட்டும் பிய்த்துக்கொண்டு போயிற்று.

பாப்பாவுக்கு அப்பா என்றால் அந்தக் குரல்தான். கொஞ்சம் உச்சத்தில், துறுதுறுவென்று, எங்கேயோ ஓடிக்கொண்டே பாடுகிற மாதிரி ஒரு குரல். பாட்டு முடிந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். காய்ச்சல் வந்த நாளிலும், மார்க் குறைந்த நாளிலும், பிற்பாடு கல்யாணம் முறிந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்த நாளிலும் அவள் அந்தச் சிரிப்பைத்தான் போட்டுக் கேட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா அடிக்கவும் அணைக்கவும் இருந்தார். இவளுக்கு இருந்தது இவ்வளவுதான், ஆனால் கேட்ட நேரத்துக்கு வந்தது.

அம்மாவுக்கோ அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. டேப் சுழலத் தொடங்கியதுமே எழுந்துவிடுவாள்.

"அந்தப் பையனை நிறுத்து."

"அப்பாம்மா."

"அப்பாவும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. யாரோ ஒரு பையன் கத்தறான்."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஊரே தலையில் வைத்து ஆடுகிற குரலை, அவரைக் கட்டினவள் மட்டும் காதில் வாங்கமாட்டாள். விட்டுவிட்டுப் போனவர் மேல் இருக்கும் கோபத்தை அவர் பாட்டின் மேல் காட்டுகிறாள் என்று பாப்பா சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டே அம்மாவுக்கு மருந்து வாங்கித் தந்தாள், தைலம் தேய்த்துவிட்டாள். அப்பாவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை.

இப்போது ஆல்பத்துக்கு நாற்பதாம் ஆண்டு. கம்பெனி அதைப் புதுப்பித்து வெளியிடப் போகிறது என்று அறிவித்ததுதான் தாமதம், ரசிகர்கள் கச்சை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. இருபத்தைந்தாம் ஆண்டில் கம்பெனி இதே வேலையைச் செய்து, பாட்டையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வெளியிட்டது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு நாற்காலி கிரீச்சிடும். அதையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். நாற்காலி எங்கே என்று கேட்டு ரசிகர்கள் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய வங்கி அதிகாரிக்கு அன்றிலிருந்து நாற்காலிக்காரர் என்றே பெயர். பேரன் எடுத்த மனிதர், அந்தப் பெயரைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டு அலைகிறார்.

அவர் போன் செய்தார். "பாப்பா, நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறோம். எதையும் தொடவிடாதீங்க. மூச்சு விடற சத்தம், நாற்காலி, அந்தச் சிரிப்பு எல்லாம் அப்படியே வேணும். நாங்க வளர்ந்ததே அந்தக் குரலோடதான்."

"நானும் அப்படித்தான் சார்," என்றாள் பாப்பா. மனதாரச் சொன்னாள். அவள் கையெழுத்து இல்லாமல் கம்பெனி எதையும் வெளியிட முடியாது. அம்மா என்றைக்கோ உரிமையை அவள் பேருக்கு எழுதித் தந்துவிட்டாள்.

ரசிகர்களுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அந்த ஆல்பத்தின் கிட்டார் எந்தச் சுருதியிலும் சேராது. கூட வாசிக்க நினைப்பவன் தன் கிட்டாரைக் கொஞ்சம் ஏற்றித் திருகிக்கொள்ள வேண்டும். இசைக்குழு வேண்டுமென்றே வைத்த ரகசியச் சுருதி அது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குழுவில் மிச்சமிருக்கும் ஒரே ஆளான கிட்டார் மாமாவைக் கேட்டால் மீசைக்குள் சிரிப்பார்.

கம்பெனியின் சவுண்ட் இன்ஜினியர் அவளை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னான். ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, மேஜை நிறைய ஆறிப்போன டீக் கோப்பைகள். அவனும் அந்த ரசிகர் ஜாதிதான். அவளைப் பாப்பா மேடம் என்று கூப்பிட்டான். முகம் மட்டும் சரியில்லை.

"ஒரிஜினல் டேப்ல பின்னாடி கரண்ட் சத்தம் ஒண்ணு லேசா இரைஞ்சுக்கிட்டே இருக்கு மேடம். அந்த இரைச்சல் எந்தக் கட்டடத்துலயும் ஒரே சுருதிலதான் இருக்கும். இந்த டேப்ல மட்டும் மேல இருக்கு."

"அப்படின்னா?"

"அன்னிக்கு ரெக்கார்ட் பண்ணின மெஷின் மெதுவா ஓடியிருக்கு. அதுலயே திருப்பிப் போட்டுக் கேட்டப்ப சரியா இருந்திருக்கும், யாரும் கவனிக்கல. வேற மெஷினுக்குப் போனதும் எல்லாம் வேகமாயிடுச்சு. ரகசியச் சுருதியெல்லாம் இல்ல மேடம். நாப்பது வருஷமா நாம எல்லாரும் தப்பான வேகத்துல கேட்டுக்கிட்டு இருக்கோம்."

முதலில் அவளுக்குத் தெரிந்ததைப் போட்டான். பிறகு வேகத்தைச் சரிசெய்து போட்டான். இது, அது, மறுபடி இது. அவள் தினமும் கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதுபோலவே, "எது சரியா இருக்கு மேடம்?" என்று கேட்டான்.

சரியான வேகத்தில் பாடியவர் கனத்த குரல்காரர். நிதானமானவர், கொஞ்சம் களைத்தவர். கடைசியில் வந்த சிரிப்பு துள்ளவில்லை, மெல்ல இறங்கியது. யாரோ ஒரு பெரியவர் பக்கத்து அறையில் சிரித்த மாதிரி இருந்தது. அவளுக்காகச் சிரித்தவரைக் காணோம்.

வெளியே வந்து கிட்டார் மாமாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நாங்களும் எல்லாரையும் மாதிரிதான்மா சுருதி வெச்சோம். ஆல்பம் வந்தப்ப நான் ஆஸ்பத்திரில கிடந்தேன். கேட்டேன், மேல இருந்துச்சு. தலைல அடிபட்டதுல காது போயிடுச்சுன்னு நெனச்சேன். உங்கப்பனும் போயிட்டான், யாருகிட்ட போய்க் கேக்க? அப்பறம் பசங்க வந்து, என்ன சார் ரகசியம்னு கேட்டாங்க. ரகசியம்தான்டான்னு சொன்னேன். எனக்கே ரகசியமாத்தானே இருந்துச்சு."

"அவர் குரல் எது மாமா?"

"தெரியலம்மா. பழகிப்போச்சு. நிஜமாவே தெரியல."

கம்பெனி மேனேஜருக்கு வாயெல்லாம் பல். நாற்பது ஆண்டு கழித்து உண்மைக் குரல் என்று விளம்பரம் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். பாப்பா முடியாது என்று சொல்லிவிட்டாள். பழையதே வரட்டும், எதையும் தொடாதீர்கள். ரசிகர்களின் வார்த்தையை அப்படியே சொன்னாள். ஆனால் அவள் பயந்தது ரசிகர்களுக்காக இல்லை. இந்த விஷயம் வெளியே வந்தால் அவளுக்கு இருந்த ஒரே அப்பாவும் போய்விடுவார். அதோடு அம்மா சொன்னதுதான் சரி என்றாகிவிடும். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் கடைக்கு ஒரு வயதானவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "தலை வலிக்குதும்மா. பழசுலதான் நல்லா தெரிஞ்சுது," என்றார். இப்படி வருபவர்களிடம் அவளுக்கு ஒரு பதில் தயாராக உண்டு: இதுதான் சரியான பவர், கொஞ்ச நாள் போட்டுப் பாருங்க, பழகிடும். அன்றைக்கு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பழைய கண்ணாடியையே துடைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

சாயங்காலம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா? அந்தப் பையனுக்கு யோகம்தான். நாப்பது வருஷமாகியும் விடமாட்டேங்கறாங்க."

வழக்கமாக இந்த இடத்தில் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறந்ததிலிருந்து அவள் இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மறந்துபோச்சு," என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே?"

"அதான்டி கஷ்டமே. இது இல்லன்னு மட்டும் தெரியுது. எதுன்னு தெரியல. ஆரம்பத்துல நல்லா ஞாபகம் இருந்துச்சு. கடைல, பஸ்ல, பக்கத்து வீட்டுலன்னு எங்க போனாலும் அந்தப் பையன் பாடிக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அவரு குரல் அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்னுதான் கதவைச் சாத்திக்கிட்டேன். அப்படியும் போயிடுச்சு."

சொல்லிவிட்டு மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். இத்தனை வருஷமாக அந்த மூடிய கதவைப் பார்த்துப் பாப்பா கறுவிக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே அம்மா தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு வாம்மா," என்றாள்.

ஸ்டூடியோவில் இன்ஜினியர் கோப்பைகளை எல்லாம் அகற்றி, தன் நாற்காலியை அம்மாவுக்குத் தந்தான். என்ன ஏதென்று விளக்க வாயெடுத்தவனைப் பாப்பா கையால் நிறுத்தினாள். "போடுங்க," என்றாள்.

முதல் அடியிலேயே அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அசையவில்லை. பாட்டு முழுக்க ஓடியது. சிரிப்பு வந்தது, மெல்ல இறங்கி அடங்கியது.

"தப்பு பண்ணா இப்படித்தான் சிரிப்பாரு," என்றாள் அம்மா. "கடைசி அடில எதையோ மாத்திப் பாடியிருப்பாரு, கேட்டுப் பாருங்க. பல்லைத் தேய்ச்சுக்கிட்டே பேசுவாரு. ஒண்ணும் புரியாது. என்னன்னு கேட்டா இதே சிரிப்பு. ஐயோ, இதுதான். இதுதான்டி."

அழுதாள். முகத்தை மூடாமல், யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். இன்ஜினியர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பாப்பா அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அம்மாவுக்காக அவளுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்காக உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெற்றவளிடம் எதை மறைக்க முடியும்?

"உனக்கு யாரோ மாதிரி இருக்குல்ல?"

"ஆமாம்மா."

"எனக்கு இவ்வளவு நாளா அப்படித்தான் இருந்துச்சு."

இன்ஜினியர் மெஷின் வேகத்தின் கதையைச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இது வெளிய வரலாமாம்மா? இதுதானே நிஜம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எதையும் தொடாதீங்கன்னு ரசிகருங்க கேட்டாங்களாமே? அவங்களுக்கு அதையே குடுங்க. பழகினவரைப் போய்ப் பாதில பிடுங்கிக்கிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதை எனக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் குடுப்பா. இது யாரும் கேட்காத குரலு. என்கூடவே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். பாப்பா பேனாவை எடுத்துக் கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை.

"இப்ப இவளோடதைப் போடு," என்றாள் இன்ஜினியரிடம்.

"வேணாம்மா," என்றாள் பாப்பா.

"போடு தம்பி."

துறுதுறுவென்று, ஓடிக்கொண்டே பாடுகிற அந்தக் குரல் அறையில் எழுந்தது. பாப்பா பழக்கத்தில் கதவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழத்தான் செய்தாள். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வந்து பாப்பாவின் பக்கத்தில் போட்டு மறுபடி உட்கார்ந்தாள். மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது, பாப்பாவுக்காக மட்டும் வருகிற சிரிப்பு.

"இந்தப் பையனும் நல்லாத்தான் பாடறான்," என்றாள் அம்மா.